முட்டைத் திருடி

அந்தப் பிடரியை எனக்குத் தெரியும். மூன்று வரிசைக்கு முன்னால், சுவரோரத்து நாற்காலியில், வெள்ளை முடியைச் சுண்டைக்காய் போலச் சின்னதாய் முடிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறவளின் பிடரி. முடிச்சுக்குக் கீழே, இடப்பக்கமாக, முந்திரிக் கொட்டை வடிவில் ஒரு கருத்த மச்சம். மச்சம்தானா என்று இங்கிருந்து அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. இடது கண்ணில் புரை எடுத்து ஆறு மாதம்தான் ஆகிறது, வலது கண் இன்னும் பனிக்குள் கிடக்கிறது. மேலே சுற்றுகிற மின்விசிறியின் நிழல் அவள் கழுத்தில் விழுவதும் விலகுவதுமாக இருக்கிறது. ஒரு சுற்றில் மச்சம் இருக்கிறது, மறு சுற்றில் இல்லை. அவள் திரும்பினால் தெரிந்துவிடும். கடவுளே, அவள் திரும்பாமல் இருக்க வேண்டும். என் கையில் டோக்கன் அறுபத்தொன்று. கவுண்டரில் இப்போது நாற்பத்துநான்கு. மணி பத்தே முக்கால். வருஷத்துக்கு ஒரு முறை ஓய்வூதியக்காரர்கள் கருவூலத்துக்கு வந்து, உயிரோடுதான் இருக்கிறோம் என்று விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போக வேண்டும். இத்தனை வருஷமும் சென்னையில் தம்பி வீட்டில் இருந்தேன், அங்கேயே காட்டினேன். தம்பி போய்ச் சேர்ந்த பிறகு, போன ஆவணியில், வேலை பார்த்த ஊருக்கே திரும்பினேன். திரும்பியிருக்க வேண்டாம். “உயிரோட இருக்கேன்னு காட்டறதுக்குள்ள உயிரு போயிடும் போல இருக்கே டீச்சர்” என்கிறார் பக்கத்து நாற்காலிக்காரர். தலைமையாசிரியராக இருந்தவராம், வந்ததிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறார். சிரிக்கிறேன். சிரிக்கும்போதும் கண் அந்தக் கழுத்தை விடவில்லை. மருதாயியாக இருக்காது. மருதாயி தர்மபுரிப் பக்கம் போனவள். போனவள் இல்லை, அனுப்பப்பட்டவள். எழுபத்தைந்து, எழுபத்தாறு வயது இருக்கும், இருந்தால். இத்தனை பேர் வருகிற இடத்தில் மச்சமுள்ள கிழவி ஒருத்திதானா?

ஜன்னல் விளிம்பில் ஒரு காகம் வந்து உட்கார்ந்து தலையைச் சாய்த்து என்னைப் பார்க்கிறது. ஒற்றைக் கண்ணால். அந்தப் பார்வைதான் எனக்குப் பயம். அழிந்துபோயின என்று நான் வகுப்பு வகுப்பாகச் சொன்ன டைனோசர்கள் அழியவே இல்லை, பறவைகளாகி இதோ ஜன்னலில் உட்கார்ந்திருக்கின்றன. 1972இல் நான் கரும்பலகையில் வரைந்த முதல் டைனோசர் சதுப்புக்குள் கழுத்து வரை நின்றது. அவ்வளவு பாரத்தைக் கால்கள் தாங்காது, அதனால் தண்ணீருக்குள்ளேயே கிடந்திருக்கும் என்று புத்தகத்தில் இருந்தது. கரையேறினால் வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு நடக்கும். குளிர்ந்த இரத்தம். மந்த புத்தி. முதுகில் தகடு நட்டுக்கொண்ட ஒன்றுக்கு மூளை கொட்டைப்பாக்கு அளவு என்றும், அது போதாமல் இடுப்பில் இரண்டாவது மூளை ஒன்று இருந்தது என்றும் சொன்னேன், பெண்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. இடுப்பில் மூளை இல்லை. சதுப்பில் கிடக்கவில்லை, நிலத்தில் மந்தையாக நடந்தன. காலடித் தடங்கள் பாறையில் கிடந்தன, பக்கத்தில் வால் இழுபட்ட கோட்டைக் காணவில்லை. அந்தக் கோடு முன்பும் இருந்ததில்லை. தடத்தைப் பார்த்தவர்கள் கோடு இல்லாததைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். வாலை மேலே தூக்கினோம். இரத்தத்தைச் சூடாக்கினோம். வேகமாக ஓடவிட்டோம். சீனத்து ஏரிக்கல்லில் இறகோடு ஒன்று கிடைத்தது, இறகு வரைந்தோம். அப்புறம் இறகுக்கு நிறம்கூடக் கண்டுபிடித்தார்கள். அதே எலும்புகள்தான். ஒரு எலும்புகூடத் தன் இடத்தைவிட்டு அசையவில்லை, நாங்கள்தான் முப்பது வருஷமாக அழித்து அழித்து வரைந்தோம். எல்லாவற்றிலும் எனக்குத் தூக்கம் கெட்டது அந்தக் கட்டைவிரலால்தான். இகுவானோடான். இங்கிலாந்தில் முதலில் கிடைத்த எலும்புகளில் கூம்பாக ஒன்று இருந்தது. காண்டாமிருகத்துக்கு இருப்பதுபோல அதை மூக்கின்மேல் வைத்தார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் அது மூக்கில் இருந்தது. பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் அகப்பட்ட பிறகுதான் அது கையின் கட்டைவிரல் என்று தெரிந்தது. எலும்பு பொய் சொல்லவில்லை. வைத்த இடம்தான் பொய். நானும் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. சாவி மருதாயிகிட்டதான் இருக்கு.

“ஐம்பது!” என்று கவுண்டரில் கூப்பிடுகிறார்கள். ஐம்பது என்றதும் ஒரு பெரியவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து போகிறார். அவள் எழவில்லை. சாவியை எனக்கு இப்போதும் தெரியும், பித்தளை, ஒரு பல் உடைந்தது, மருதாயியின் இடுப்புச் சேலைக்குள் செருகியிருக்கும். விலங்கியல் துறை அருங்காட்சியகம் என்று பெரிய பெயர். வடக்குப் பார்த்த நீளமான ஓர் அறை, அவ்வளவுதான். ஃபார்மலின் நெடி, ஜாடிக்குள் சுருண்ட பாம்புகள், கண் திறவாத முயல் குட்டிகள், ஓர் ஆமை ஓடு, கூரையிலிருந்து தொங்குகிற திமிங்கில விலா ஒன்று. அத்தனையையும் மருதாயிதான் துடைப்பாள். உதவியாளர் என்பது வேலையின் பெயர். அவள் அந்த அறைக்குக் குடித்தனக்காரி மாதிரி. “இந்தாளு இன்னிக்கு மொறைக்கிறான்மா” என்பாள் ஜாடிக்குள் இருக்கும் உடும்பைக் காட்டி. நடு அலமாரியில் கண்ணாடிக்குள் இருந்தது அந்தக் கல். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து மாணவி ஒருத்தியின் தகப்பனார் கொண்டுவந்து கொடுத்தது. தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிது, நல்ல உருண்டை, மேலே மெல்லிய ஓடு போல ஒரு படலம். நனைத்தால் மழை விழுந்த சுண்ணாம்புச் சுவரின் வாசனை வரும். டைனோசர் முட்டை என்று நான் சொன்னேன். அட்டையில் எழுதினேன், கண்டறிந்தவர் என்று என் பெயரையும் போட்டேன். ஓர் ஆய்விதழில் இரண்டு பக்கத்துக்குக் கட்டுரை வந்தது. பள்ளிக்கூடங்களிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினார்கள். அந்த அறையில் என் சட்டம் ஒன்று உண்டு. எந்தப் பொருளை எதற்காக அலமாரியிலிருந்து எடுத்தாலும், எடுத்த இடத்தில் ஒரு சீட்டு வைக்க வேண்டும். யார், எதற்கு, எந்தத் தேதி. சீட்டு பொருளோடு போகக் கூடாது, எடுத்த இடத்தில்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெற்றிடம் பேசாது என்பேன். சீட்டு வைக்காத விரிவுரையாளர்களைக்கூட மருதாயியின் முன்னாலேயே கடிந்திருக்கிறேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

1991, பிப்ரவரி. ஆய்வுக்குழு வரப் போகிறது, அதில் புதைபடிவம் தெரிந்த வல்லுநர் ஒருவரும் வருகிறார் என்று கல்லூரி முதல்வர் சொன்னார். அவர்கள் வந்த நாளில் நடு அலமாரியில் முட்டை இல்லை. பஞ்சு மெத்தையில் அதன் குழி மட்டும் இருந்தது. சீட்டும் இல்லை. முதல்வர் எல்லாருக்கும் முன்னால் கேட்டார், இதுக்குச் சாவி யார்கிட்ட? நான் சொன்னேன். அப்புறம் எல்லாம் தானாக நடந்தது, நான் ஒன்றும் செய்யவில்லை, செய்யாமல் இருந்தேன். அவள் வீட்டைச் சோதித்தார்கள். அவள் அடுக்குப்பானைகளைத் தெருவில் கவிழ்த்துப் பார்த்ததாகச் சொன்னார்கள். பணியிடை நீக்கம் எட்டு மாதம். அதன் பிறகு தர்மபுரிப் பக்கம் ஒரு விடுதிச் சமையலறை. போகிற அன்று என் அறை வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. “நான் எடுக்கலம்மா. எடுத்து நான் என்ன பண்ணப் போறேன், அடை வெக்கவா?” என்றாள். அந்த நேரத்திலும் அவளுக்கு அப்படித்தான் பேச வந்தது. நான் விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை. வராந்தாவில் போகும்போது மாணவிகள் யாரோ பின்னாலிருந்து முட்டைத் திருடி என்றார்கள். வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த பெயர் அது. மங்கோலியப் பாலைவனத்தில், முட்டைக் குவியலின்மேல் செத்துக்கிடந்த ஒரு சிறிய டைனோசர், அடுத்தவன் கூட்டில் திருட வந்து அகப்பட்டது, அதனால் ஓவிராப்டர், அதாவது முட்டைத் திருடன் என்று முந்தின வருஷ டிசம்பரில்தான் பாடம் எடுத்திருந்தேன். பிள்ளைகள் நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். அவள் மகள் பூங்கோதை அந்த வருஷம் பன்னிரண்டாவது. ஜூனில் எங்கள் துறையில்தான் சேர்வதாக இருந்தது, நானே விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தேன். அவள் வரவில்லை. முட்டைத் திருடியின் மகளாக அந்த வராந்தாவில் எப்படி நடப்பாள்?

தண்ணீர் குடிக்க வேண்டும் போல இருக்கிறது. எழுந்தால் அவளைத் தாண்டித்தான் குடிநீர்த் தொட்டிக்குப் போக வேண்டும். “என்ன டீச்சர், வேர்க்குது உங்களுக்கு? ஃபேனுக்குக் கீழ வாங்களேன்” என்கிறார் தலைமையாசிரியர். இங்கேயே நன்றாக இருக்கிறது என்கிறேன். ஐம்பத்துமூன்று. நூலகத்தில் அன்றைக்கும் இப்படித்தான் வேர்த்தது, 1996, புதிதாக வந்த அறிவியல் இதழைப் பிரித்துக்கொண்டு நின்றேன். பாலைவனத்தில் அதே வகை முட்டை ஒன்றுக்குள் கரு இருந்திருக்கிறது. அந்தக் கரு ஓவிராப்டர் இனத்தின் கரு. அதே இனத்துப் பிராணி ஒன்று முட்டைகளின்மேல் கோழி மாதிரி கைகளை விரித்து, மூடிக்கொண்டு, மணல் வந்து புதைக்கிறவரை எழாமல் உட்கார்ந்திருந்ததையும் கண்டெடுத்திருந்தார்கள். திருட வந்ததில்லை. அடை காத்தது. எழுபது வருஷம் திருடன் என்று சொன்னோம். நின்றபடியே மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறையில் எழுத்துகள் நீந்தின. அடுத்த பத்தியில் இருந்ததுதான் கொடுமை. பெயரை மாற்ற முடியாதாம். முதலில் இட்ட பெயர் எதுவோ அதுதான் நிற்கும், தவறென்று தெரிந்தாலும் நிற்கும், அது உயிரியலின் விதி. விதியை நானும் நடத்தியிருக்கிறேன், தேர்வில் ஐந்து மதிப்பெண். அன்றைக்கு வீட்டுக்குப் போய் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். அடை வெக்கவா, அடை வெக்கவா. நான் ஓய்வு பெற்றது 2005. என் அறையைக் காலி செய்தபோது இரும்பு பீரோவின் அடித்தட்டில், பழைய வினாத்தாள்களுக்குக் கீழே, ஓர் அட்டைப்பெட்டி. பிரித்தால் பஞ்சு. பஞ்சுக்குள் கல். கல்லின்மேல் ஒரு சீட்டு. ஆய்வுக்காக எடுக்கப்பட்டது, 12.2.91, ந. என் கையெழுத்து. எடுத்த இடத்தில் வைக்க வேண்டிய சீட்டைப் பொருளோடு வைத்துக் கட்டியிருக்கிறேன். நானே போட்ட சட்டம். நானே. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்வது. ஒரு மறதி, ஒரு சீட்டு இடம் மாறியது, பதினான்கு வருஷம் கழித்துத் தெரிந்தது. கேட்கிறவர்கள் ஐயோ பாவம் என்பார்கள். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

“மருதாயி! ஐம்பத்தேழு, மருதாயி, வாங்கம்மா.” மச்சம் எழுந்திருக்கிறது. பச்சையும் வெள்ளையுமாகப் பின்னிய ஒயர் கூடையை நாற்காலிக்குக் கீழிருந்து எடுத்து, முழங்காலில் கை ஊன்றி, நிமிர்ந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து கவுண்டருக்குப் போகிறது. அந்த நடை அவளுடையது இல்லை, வயதுடையது. ஆனால் கூடையை முழங்கை மடிப்பில் மாட்டுகிற விதம் அவளுடையது. உடம்பு முழுவதும் குளிர்கிறது. பிராணிகளுக்கு நான் எழுதிக் கொடுத்த குளிர்ந்த இரத்தம் கடைசியில் என்னிடம்தான் வந்து சேர்ந்தது. இப்போது போய்விடலாம். டோக்கனைப் போட்டுவிட்டு நாளைக்கு வரலாம். நாளைக்கு ஞாபகம் இருக்குமா? போன மாதம் நரம்பு மருத்துவர் மூன்று சொற்களைச் சொல்லிப் பத்து நிமிஷம் கழித்துத் திருப்பிக் கேட்டார். பூட்டு, மாம்பழம், இன்னொன்று. இன்னொன்று இன்றுவரை வரவில்லை. “லேசாத்தான் ஆரம்பம், பயப்படாதீங்க” என்றார். பயம் அதுவல்ல டாக்டர். மாம்பழம் போனால் போகட்டும். கல்லும் சீட்டும் தேதியும் என் ஒருத்தியின் தலைக்குள் மட்டும் இருக்கின்றன. நான் மறந்த மறுநாள் மருதாயி என்றைக்கும் திருடிதான், திருத்த ஆள் கிடையாது. அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. மறக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிவிடுவேன். வாலைத் தூக்குவேன், இறகு ஒட்டுவேன், எனக்குத் தோதாக. இப்போதே ஒட்டியிருக்கிறேன். பீரோவில் 2005இல் கண்டெடுத்தேன் என்றேனே, கண்டெடுக்கவில்லை. பெட்டி அங்கே இருப்பது எனக்குத் தெரியும். அடித்தட்டை மட்டும் பதினான்கு வருஷம் திறக்காமல் வைத்திருந்த கை எது? மேல்தட்டுகளைத் திறந்தேன், மூடினேன். குனியவில்லை. ஆய்வுக்காக எடுத்தேன் என்பதும் பாதி. ஜனவரியில் லென்ஸ் வைத்துப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. முட்டையோட்டில் மூச்சுத் துளைகள் இருக்க வேண்டும், இதில் இல்லை. ஏதோ ஒரு சிப்பியைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்து படிந்து உருண்ட வெறும் கல்லாக இருக்கலாம். வல்லுநர் வந்து கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து மெல்ல ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பயந்து, மருதாயி துடைப்பதற்காக அலமாரிகளைத் திறந்து போட்டிருந்த நேரத்தில் எடுத்தேன். வேலையின் மும்முரத்தில் சீட்டை உள்ளேயே வைத்துக் கட்டினேன், அது உண்மையான மறதி. முதல்வர் கேட்ட அன்று ஒரு கணம் எனக்கும் திகைப்பு, அதுவும் உண்மை. அன்றைக்கு மறதி என்று சொல்லலாம். மறுநாளைக்கும் சொல்லலாம். மூன்றாம் நாள் காலையில் தலை வாரிக்கொண்டிருந்தேன், சீப்பு ஒரு சிக்கில் மாட்டியது, இழுத்தேன், அப்போது பெட்டியைக் கட்டிய சணல் கயிறு ஞாபகம் வந்தது. சீப்பைத் தலையிலேயே விட்டுவிட்டுக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் வீட்டுப் பானைகளைத் தெருவில் கவிழ்த்தது நான்காம் நாள். எனக்கு ஒரு நாள் முழுதாக இருந்தது. ஒரு பகல், ஓர் இரவு.

அவளுக்கு முடிந்துவிட்டது. இரண்டே நிமிஷம். கட்டைவிரலைப் புடவையில் துடைத்து வைத்தாள், பச்சை விளக்கு எரிந்தது. ஒப்புகைச் சீட்டுக்காக ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். இப்போது பக்கவாட்டில் முகம் தெரிகிறது, கன்னம் ஒடுங்கி, மூக்கு மட்டும் அன்றைக்குப் போலவே. ஐம்பத்தொன்பது. அறுபது. என்னை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தெரியாது, நான் அப்போது கருகருவென்ற முடியோடு இரட்டை நாடியாக இருந்தேன். “அறுபத்தொண்ணு, நவமணி!” மேடம் இல்லை, முனைவர் இல்லை, வெறும் நவமணி, கூடம் முழுக்கக் கேட்கும்படி. பெஞ்சில் ஏதாவது அசைந்ததா? நான் பார்க்கவில்லை. கவுண்டரில் சின்னப் பெண், கண்ணுக்கு மை, கழுத்தில் அடையாள அட்டை. ஓய்வூதியப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையோடு நீட்டுகிறேன், சட்டென்று ஞாபகம் வந்து உறையை மட்டும் உருவி வைத்துக்கொள்கிறேன். உறையின் பின்மடிப்பில் அந்தச் சீட்டு இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது கண்ணில் படட்டும் என்று ஓய்வு பெற்ற அன்று செருகியது. கட்டைவிரல் வைக்கிறேன், சிவப்பு. “ஈரத்துணில துடைச்சிட்டு வைங்கம்மா.” சிவப்பு. மற்றக் கை. சிவப்பு. சாக்பீஸும் ஃபார்மலினும் ரேகையைத் தின்றுவிட்டிருக்கும். கண்ணைக் கருவியில் வைக்கச் சொல்கிறாள், புரை எடுத்த கண்ணையும் எடுக்காத கண்ணையும் அது ஏற்கவில்லை. நான் இங்கே நிற்கிறேன், கருவி இல்லை என்கிறது. “ஒண்ணு பண்ணுங்கம்மா. உங்களை நல்லாத் தெரிஞ்ச பென்சன்காரங்க யாராச்சும் இங்க இருந்தா, இவங்கதான் அவங்கன்னு ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்க. நான் படிவத்துல முடிச்சிடறேன்.” திரும்பித் தலைமையாசிரியரைப் பார்க்கிறேன். “எனக்கு டீச்சரை ஒரு மணி நேரமாத்தான் தெரியும். அதுக்குக் கையெழுத்துப் போட்டா என்னைத் தூக்கி உள்ள வெச்சுருவாங்க” என்கிறார், கூடம் சிரிக்கிறது. சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு குரல். நூறு குரலுக்கு நடுவிலும் அடையாளம் தெரிகிற, உடைந்த பல் சாவி திரும்புவது போன்ற கரகரப்பு.

“எனக்குத் தெரியும்மா இவங்கள.”

பெஞ்சிலிருந்து எழுந்து வருகிறாள். ஒயர் கூடை என் கையில் உரசுகிறது.

“நவமணி மேடம். பொம்பளப் பிள்ளைங்க காலேஜு. பாம்பு, பூச்சி பாடம் எடுத்தவங்க.”

“எத்தனை வருஷமாத் தெரியும் பாட்டி?” என்கிறாள் கவுண்டர்ப் பெண், எழுதிக்கொண்டே.

“பத்தொம்பது வருசம் கூட இருந்தேன். அப்பறம் முப்பத்து நாலு வருசம் மறக்காம இருந்தேன்.”

கையெழுத்தைப் போடுகிறாள். ம, ரு, தா, ஒவ்வொரு எழுத்துக்கும் பேனாவை எடுத்து எடுத்து. நான் உயிரோடு இருக்கிறேன் என்று, இந்த உலகத்தில் வேறு யாரும் இல்லாமல், இவள் சொல்லி அரசாங்கம் நம்பப் போகிறது. பேனாவை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்க்கிறாள்.

“என்னைத் தெரியுதாம்மா? பேரச் சொன்னா ஞாபகம் வருமோ என்னமோ. முட்டைத் திருடின்னா வருமில்ல?”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஜாடியிலிருந்த உடும்பைக் காட்டிச் சொன்ன அதே குரலில் சொல்கிறாள். நீ என்பதா, நீங்க என்பதா என்று என் வாய் தடுமாறுகிறது. கை உறையின் பின்மடிப்புக்குள் போய்விட்டிருக்கிறது. நான் சொல்லி அது போகவில்லை. சீட்டு வெளியே வந்துவிட்டது, மஞ்சளாக, மடிப்பில் நைந்து. அவள் கூடைக்குள் துழாவிக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். உதடு அசைகிறது.

“ஆய்வுக்காக... எடுக்கப்பட்டது. பன்னெண்டு, ரெண்டு, தொண்ணூத்தொண்ணு.” விரல் கடைசி எழுத்தின்மேல் நிற்கிறது. “இது உங்க ந.”

“ஆமாம்.”

“எங்க இருந்திச்சு?”

“என் பீரோவுல. கல்லோட.”

கவுண்டர்ப் பெண் முத்திரையைக் குத்துகிறாள், இரண்டு தடவை. அடுத்த கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும், வருகிறது.

“எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?”

ரிட்டயர் ஆனப்ப. நாக்கு நுனியில் தயாராக இருக்கிறது, இருபது வருஷம் பழக்கிய சொல், வழுவழுவென்று. அதைச் சொன்னால் இவளே ஐயோ பாவம் என்பாள், மறதி யாருக்குத்தான் இல்லை என்பாள், என் தோளைக்கூடத் தொடுவாள். சொல்லிவிடலாம். காகம் இன்னும் ஜன்னலில் இருக்கிறது. சொன்னால் அதுதான் நிற்கும், முதலில் இட்ட பெயர் போல, நான் செத்த பிறகும்.

“மூணாம் நாள்” என்கிறேன்.

அவளுக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்குகிறது. கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் எதையோ, நாட்களைத்தான், எண்ணுவது போல நகர்ந்து நிற்கின்றன. கூடத்தில் யாரோ இருமுகிறார்கள். என்னை அடிப்பாள் என்று நினைக்கிறேன். அடித்தால் நல்லது என்று நினைக்கிறேன்.

“முட்டைதானா அது?” என்கிறாள் கடைசியில்.

“இல்ல. வெறும் கல்லு.”

தொண்டைக்குள் ஒரு சத்தம் அவளுக்கு. சிரிப்பா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியவில்லை. “அப்ப அடை வெச்சிருந்தாலும் பொரிச்சிருக்காது.”

என்னை அறியாமல் சீட்டுக்காகக் கை நீட்டுகிறேன். இருபது வருஷம் உறைக்குள் இருந்தது, அதன் இடம் அதுதான் என்று கை நினைக்கிறது. அவள் தரவில்லை. பழைய மடிப்பிலேயே மடித்து, இடுப்பிலிருந்த சுருக்குப்பையைப் பிரித்து உள்ளே வைத்து இறுக்கி முடிகிறாள். சாவி இருந்த அதே இடம்.

“எடுத்த எடத்துலதாம்மா சீட்டு இருக்கணும். நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க.”

ஒயர் கூடையை முழங்கை மடிப்பில் மாட்டிக்கொள்கிறாள். இரண்டு அடி வைத்தவள் நிற்கிறாள், திரும்பாமலேயே பேசுகிறாள், அந்த மச்சம்தான் என்னிடம் பேசுகிறது. “பூங்கோதைக்கு அம்பத்தோரு வயசு. சாயங்காலம் வீட்டுல இருப்பா. வடக்குத் தெரு, தண்ணித் தொட்டிக்கு எதுத்த வீடு. எங்கிட்ட சொன்னத அவகிட்ட வந்து சொல்லுங்க. மூணாம் நாளுன்னு அப்படியே சொல்லணும். மாத்தக் கூடாது.”

போய்விட்டாள். “உங்களுக்கும் முடிஞ்சுதும்மா, கிளம்பலாம்” என்கிறாள் கவுண்டர்ப் பெண். நான் பெஞ்சில் போய் உட்கார்கிறேன், அவள் உட்கார்ந்திருந்த இடத்தில், பலகை இன்னும் சூடாக இருக்கிறது. மணி பன்னிரண்டு. சாயங்காலத்துக்கு ஐந்து மணி நேரம் இருக்கிறது. பூட்டு, மாம்பழம். ஐந்து மணி நேரத்தில் என்னென்னவோ நடக்கும் என் தலைக்குள், எனக்குத் தெரியும், பரிதாபமான ஒரு மறதிக்காரி எழுந்து வருவாள், எனக்குப் பதிலாக அந்த வீட்டுக் கதவைத் தட்டுவாள். கையில் இப்போது சீட்டும் இல்லை. வடக்குத் தெரு, தண்ணீர்த் தொட்டி. மூணாம் நாள். மூணாம் நாள். வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இரண்டு சொல்லுக்கும் நடுவில் வேறு எதுவும் நுழைந்துவிடாதபடி.